துணி வெள்ளையாகவே இருந்தது

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு மண் பாதை போகிறது. அதன் கோடியில் பெரிய கிடங்கு ஒன்று கட்ட ஆரம்பித்ததும் ஜல்லி லாரிகள் ஓடத் தொடங்கின. முதல் வாரத்திலேயே டிவியின் மேல் விரலால் எழுதும் அளவுக்குத் தூசு படிந்தது.

நான் ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். அடித்த பெயிண்டில் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் அந்தப் பாகத்தைத் திருப்பி அனுப்புவது என் வேலை. தூசை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து, பன்னிரண்டுக்குள் நான்கு ஜன்னல்களின் இடுக்குகளையும் மாஸ்கிங் டேப்பால் அடைத்தேன். சமையலறைச் சுவரில் இருந்த சிமென்ட் ஜாலியை பிளாஸ்டிக் தாளால் மூடினேன். துவைத்ததை மாடியில் போட வேண்டாம், கூடத்தில் கொடி கட்டிக் காயவை என்று மனைவியிடம் சொன்னேன். அதன்பின் தினமும் காலையில் டிவியின் மேல் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து டைரியில் குறித்தேன். ‘துணி: வெள்ளை.’ இரண்டு மாதத்துக்கு இதே வரிதான் இருக்கிறது.

மூன்றாவது வாரம் அவளுக்கு இருமல் வந்தது. ஆறாவது வாரம் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க அவளால் முடியவில்லை. குடத்தைத் தூக்கிவிட்டு நடுவில் இறக்கி வைத்தாள். டாக்டர் அவளைப் பார்த்து, “வீட்ல புகை எதுனா உண்டாம்மா?” என்று கேட்டார். பதில் சொன்னது நான். “தூசே உள்ள வராது டாக்டர். எல்லாத்தையும் மூடிட்டேன்.” அவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். நான் டைரியில் அதற்கு ஒரு கட்டம் போட்டு, அவள் எத்தனை முறை எடுக்கிறாள் என்று எழுதினேன்.

அந்தச் சமயம் சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் அவள் தங்கைக்குக் காலில் கட்டுப் போட்டிருந்தார்கள். உதவிக்கு என்று இவள் போனாள். பத்தாம் நாள் அழைத்துவரப் போனேன். மச்சினியின் வீடு நெடுஞ்சாலையைப் பார்த்தது. எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. கம்பிகளில் தூசு தடிப்பாக இருந்தது. என் மனைவி கைப்பிடிச் சுவரில் துணி உலர்த்திக்கொண்டே, மாவு புளித்த கதையைத் தங்கைக்கு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மச்சினி கட்டிலில் இருந்தபடியே ஆரம்பித்தாள். “வாங்க மாமா. வூட்ட ஊறுகா ஜாடியாட்டம் மூடி வெச்சிக்கினு கீறீங்களாமே. அக்காவ எப்ப வெளிய எடுப்பீங்க, ஊறுன பொறவா?”

“ரோட்டு தூசும்மா.”

“இங்க இன்னா பன்னீரா தெளிக்கிறாங்க? வந்த நாலாம் நாள்லருந்து அந்த இன்ஹேலர் பம்ப அக்கா தொடவே இல்ல. டேப்பு இருக்கிற வரிக்கும் அக்காவ அனுப்ப மாட்டேன், சொல்லிட்டேன்.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஈரத் துணியை உதறினாள். “தூசுன்னா தும்முவேங்க, போயிடும்,” என்றாள். “அங்க மூச்சே வர்ல.”

தனியாகத்தான் திரும்பினேன்.

பூட்டைத் திறந்ததும் முந்தின நாள் மாலை ஏற்றிய கொசுவர்த்தி, காலையில் நான் தாளித்த மிளகாய், காயாத துணி எல்லாவற்றின் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தது. பீரோவை நகர்த்தினேன். பின்னால் சுவரில் கருப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. எங்கள் பெயிண்ட் அறையிலும் ஒரு இடுக்கு விடாமல் அடைத்திருப்போம். ஆனால் அங்கே கூரையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டே இருக்கும், தரை வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். காற்றாடி ஓடுகிறது என்று பச்சை விளக்கு எரியாமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. அந்தக் காற்றாடி பராமரிப்புப் பிரிவின் பொறுப்பு. பத்தொன்பது வருடத்தில் நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

உட்கார்ந்து டைரியைப் புரட்டினேன். ‘மாலை 6.40. ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். தூசு வரும் என்றேன்.’ இதே போல் நான்கு இடத்தில், நேரத்தோடு, என் கையெழுத்தில் இருந்தது. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு டேப்பை உரித்தேன். சில இடங்களில் சுவர்ப் பெயிண்டும் சேர்ந்து வந்தது.

அடுத்த வாரம் ஜாலி இருந்த இடத்தில் புகையை வெளியே தள்ளும் காற்றாடி வைத்தேன். ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்து, கொசுவர்த்தியை நிறுத்தினேன். சுவரில் இருந்த பூஞ்சையைச் சுரண்டிக் கழுவினேன். கொடி மாடிக்குப் போனது. லாரிகள் எட்டு மணிக்குத்தான் வரும். ஐந்தரையிலிருந்து எட்டு வரை எல்லாவற்றையும் திறந்து வைத்து, பிறகு பாதைப் பக்கத்து ஜன்னல்களை மட்டும் சாத்தி, ஈரத் துணியால் துடைப்பது என்று ஒழுங்கு செய்தேன். பின்பக்கத்து ஜன்னல்கள் திறந்தே இருந்தன.

அவள் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியில் நின்று உள்ளே பார்த்தாள். பையை வாசல் ஓரமாகவே வைத்தாள். சமைத்தாள், பெருக்கினாள், தேவையான புடவையை அந்தப் பையிலிருந்தே எடுத்துக்கொண்டாள். மூன்று நாளும், ‘பை: வாசலில்’ என்று எழுதினேன்.

நான்காம் நாள் காலை டிவியின் மேல் துடைத்தேன். துணி பழுப்பாக வந்தது. அவள் பின்னால் வந்து பார்த்தாள். “குடுங்க, அலசிப் போடறேன்,” என்று வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். படி ஏறும்போது நடுவில் நிற்கவில்லை. நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பை காலியாகி, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.