ரெண்டாவதாகப் பாடியவள்

அரியலூரில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் சேர நானும் என் நாத்தனாரும் குரல் பரீட்சைக்குப் போனது எழுபதுகளின் கடைசியில். பெண்கள் வரிசையில் ஒரு இடம்தான் காலி. இரண்டு இருந்திருந்தாலும் என் வீட்டுக்காரர் விட்டிருக்க மாட்டார். "ஒருத்தி போங்க, ஒருத்தி வூட்டுல அடுப்பைப் பாருங்க," என்று முன்னாடியே சொல்லிவிட்டார்.

நாத்தனார் புருஷனை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாழாவெட்டி என்று தெருவே பேசியதால் குழாயடிக்குக்கூடப் போக மாட்டாள். குழுவில் சேர்ந்துவிட்டால் வாரத்தில் மூன்று சாயங்காலம் தலை நிமிர்ந்து வெளியே போய் வரலாம் என்று அதையே நம்பியிருந்தாள். அவள் குரலும் அப்படிப்பட்ட குரல். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நானும் பெயர் கொடுத்தேன். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை; எனக்கும் அந்த வீட்டில் மூச்சு முட்டியது.

முகம் பார்த்து ஆள் எடுக்கிறார் என்று முன்பு ஒரு பேச்சு கிளம்பியிருந்ததால், பாட்டு வாத்தியார் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்தார். பெயர்ப் பட்டியல் சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் கையில். அதில் அவள் முதல், நான் இரண்டாவது. உபதேசியார் கோயில் மணியடிக்கப் போன நேரத்தில் அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

"நீங்க முதல்ல பாடிடுங்க அண்ணி, எனக்கு உதறுது."

பாடினேன். பிறகு அவள் பாடினாள். பாதியில் வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு வெறும் குரலைக் கேட்டார்.

உபதேசியார் திரும்பி வந்ததும், "ரெண்டாவதா பாடுன அம்மாவை எடுத்துக்கலாம்," என்றார் வாத்தியார், அப்போதும் சுவரைப் பார்த்தபடி. உபதேசியார் பட்டியலைப் பார்த்து என் பெயரைப் படித்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உபதேசியாருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

முதல் நாள் ஒத்திகையிலேயே வாத்தியார் நெற்றியைச் சுருக்கினார். "அன்னைக்கு இப்படிப் பாடலியேம்மா?"

"சுண்ணாம்புக்கல் லாரித் தூசுங்க சார், தொண்டை கட்டிக்கிச்சு."

அதையே வீட்டிலும் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நான் ஒத்திகைக்குக் கிளம்பும்போதெல்லாம் நாத்தனார் மிளகு தட்டிப்போட்டுப் பாலை ஆற்றிக் கொடுத்தாள். குத்தலாக ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால் தேவலை. வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை. மூன்று மாதம் குடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. அதுவரை கோயிலில் வாயே திறக்காதவள் அன்று ஜனங்களோடு சேர்ந்து பாடினாள். பெண்கள் பக்கத்திலிருந்து அந்தக் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. வாத்தியாரின் விரல் கட்டையில் தடுமாறியது. பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் நின்ற இடத்துக்கு நேரே வந்தார். அவளைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"அன்னைக்கு ரெண்டாவதா பாடுனது இவங்கதானே?"

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இல்லீங்க சார், அண்ணிதான். தூசுல தொண்டை இப்படி ஆயிடுச்சு."

என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தவள் வேறென்ன சொல்வாள். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் ஒத்திகைக்குக் கிளம்பினேன். அவள் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள்.