நாளைக்கு நடந்த கூட்டம்

ஜெராக்ஸ் அக்கா கடைக்கு வரும் காகிதத்தைப் படிக்கவே மாட்டாள். பதினெட்டு வருஷமாக ஊராரின் பத்திரமும் விவாகரத்தும் வைத்தியச் சீட்டும் அவள் மெஷினில் ஏறி இறங்கியிருக்கின்றன. ஒருத்தர் குட்டும் அவள் வாயால் வெளிப்பட்டதில்லை. "காகிதம் குப்புறத்தானே கிடக்குது, எனக்கென்ன தெரியும்?" என்பாள்.

சாயங்காலம் கடையைப் பூட்டினால் நேரே மணல்மேட்டுக்குப் பின்னாலிருக்கும் நானூறு அடிக் கடற்கரைக்குப் போவாள். அங்கே விளக்கில்லை, கடையில்லை, அதனால் ஆமைகள் முட்டையிட வரும். மெஷின் சூட்டில் வெந்தவளுக்கு மூச்சுவிட ஊரில் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான். அதில்தான் ஓட்டல் கட்ட மனு போட்டிருந்தார்கள். மக்கள் கருத்துக் கேட்க வியாழக்கிழமை கூட்டம்.

புதன்கிழமை, கூட்டம் நடத்தும் அரசாங்க ஆபீஸில் மெஷின் மக்கர் பண்ண, அங்கிருந்து குமாஸ்தா ஒரு தாளோடு ஓடிவந்தார். "இருபது காப்பி போடுங்கக்கா, அவசரம்." முதல் நகல் வழக்கம்போல மங்கலாக வந்தது. கசக்கப் போனவள் கண்ணில் 'ஜெராக்ஸ் கடை' என்ற எழுத்து பட்டுத் தொலைத்தது.

நாளைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு! எல்லாரும் ஒருமனதாக வரவேற்றார்களாம். ஜெராக்ஸ் கடை நடத்தும் பெண்மணி எழுந்து, ஓட்டல் வந்தால் வியாபாரம் செழிக்கும் என்று நன்றி சொன்னாராம். அவளுக்கு ரத்தம் கொதித்தது. என்ன நெஞ்சழுத்தம்! வாயை அடைப்பது பழகிப்போன அக்கிரமம். பேசாததைப் பேசியதாக எழுத இவர்கள் யார்? இருபது நகலையும் எண்ணிக் கொடுத்தனுப்பினாள். மங்கலான தாள் கைப்பைக்குள் போயிற்று.

மறுநாள் பெரிய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "யாராவது பேசணுமா?" என்றார்.

அக்கா எழுந்தாள். கைப்பையிலிருந்து அந்த மங்கலான தாளை எடுத்தாள். "நான் ஏற்கெனவே பேசிட்டேன் சார். நீங்களே எழுதி வச்சிருக்கீங்க." தேதி முதல் கடைசி வரி வரை விடாமல் வாசித்தாள்.

குமாஸ்தா பேயறைந்தவர் மாதிரி நின்றார். மீன்காரர் துள்ளி எழுந்தார். "நான் என்ன பேசினேனாம்? அதையும் படிங்கக்கா!" பின்னாலேயே பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது.

"அந்தத் தாளை இங்க கொடும்மா," என்று அதிகாரி கையை நீட்டினார்.

"எதுக்கு சார்? உங்ககிட்டதான் இருபது இருக்கே."

கூட்டம் ரத்தாயிற்று. ஆனால் மனு அப்படியே இருக்கிறது; வெட்கம் கெட்டவர்கள், அடுத்த தேதியும் குறித்துவிட்டார்கள். ஆபீஸ் வேலை இப்போது பக்கத்துத் தெருக் கடைக்குப் போகிறது. போகட்டும். அக்கா தன் கைப்பட ரெண்டு வரி எழுதி, வீட்டுக்கு ஒன்றாக நகல் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் கரையில் ஒரு செங்கல்கூட விழக்கூடாது என்பதுதான் விஷயம். ஒவ்வொருத்தர் கையிலும் கொடுக்கும்போது சொல்கிறாள்:

"நல்லாப் படிச்சுப் பாருங்க. இதுதான் நான் சொன்னது."