அந்தக் கத்தியைச் செய்தவர் அக்காதான்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி அவருடைய மகள் சுமதி மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எழுத உட்கார்ந்தால் அக்காவின் பெருமைக்கு முன்னால் என் சிறுமைதான் வந்து நிற்கிறது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். வீட்டில் அக்காவை ‘வா, போ’ என்றுதான் பேசினேன். அச்சில் ஏறும் இடத்திலாவது மரியாதை இருக்கட்டும்.

அக்கா குடியாத்தத்தில் அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். மூன்றாம் மாதமே செகந்தராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். அப்பா அங்கே பட்டறையில் ஃபிட்டர். அக்காவுக்கு இடது கைப் பழக்கம். சாப்பிடுவதையும் எழுதுவதையும் அம்மா புறங்கையில் தட்டித் தட்டி வலது கைக்கு மாற்றினார். காய் நறுக்குவது, கோலம் போடுவது, ஸ்க்ரூ முடுக்குவது எல்லாம் கடைசிவரை இடது கைதான். வீட்டில் ஃபேன் நின்றாலும் இஸ்திரிப் பெட்டி சூடாகாவிட்டாலும் கழற்றிப் பார்ப்பவர் அக்கா. பத்தாம் வகுப்பில் கணக்கில் என்னைவிட அதிக மார்க். பாலிடெக்னிக்கில் சேர ஆசைப்பட்டார். ஒருவர் படிக்கத்தான் வீட்டில் வசதி இருந்தது. நான் படித்தேன், அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அன்றைக்கு அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

மாமா மாரடைப்பில் போனபோது சுமதிக்கு ஒன்பது வயது. மாரெட்பள்ளியில் ஒற்றை அறை வீடு. அக்கா யாரிடமும் போய் நிற்கவில்லை. போவன்பள்ளியில் இருந்த என் ஷெட்டில் வேலை இருந்தால் வருகிறேன் என்று அவராகவே கேட்டார். மிக்ஸி ஜாருக்கான பிளாஸ்டிக் மூடிகளை வார்த்து ஒரு கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அக்காவை நான் உட்கார வைத்த இடம் பிசிறு எடுக்கும் மேஜை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அச்சின் இரண்டு பாதிகளும் தேய்ந்து சரியாகப் பொருந்தாமல் போனால், இடுக்கு வழியாகப் பிளாஸ்டிக் கசிந்து, மூடியின் விளிம்பில் மெல்லிய தாள் போல ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் பிசிறு. பெண்கள் பாதி பிளேடை வைத்துக்கொண்டு அதைச் சீவுவார்கள். பிளேடு கொஞ்சம் சாய்ந்தால் மூடி வெட்டுப்படும், இல்லையென்றால் விரல் வெட்டுப்படும். இரண்டும் தினமும் நடந்தது. அச்சைச் சரி செய்வதுதான் முறை. அதற்கு மெஷினை நிறுத்த வேண்டும் என்று நான் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் கம்பெனி ஒரு லோடு மூடியை அப்படியே திருப்பி அனுப்பியது. பத்து நாளில் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அப்போதும் இதே கதி என்றால் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் அக்கா ஒடிந்த ஹேக்ஸா பிளேடுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு சாணைச் சக்கரத்தின் முன்னால் நின்றார். தேய்ப்பது, தண்ணீரில் முக்குவது, மூடியின் விளிம்பில் வைத்துப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. இரண்டு நாள் சாப்பாட்டு நேரமெல்லாம் அதில் போனது. விளிம்பின் வளைவுக்குச் சரியாக ஒரு பிறை வெட்டு. பிறையின் இரண்டு பக்கமும் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும், நடுவில் இருக்கும் கூர் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறை மட்டும் எடுக்கும். உருளைக்கிழங்கு தோல் சீவியில் இருக்கிற அதே சூட்சுமம். எத்தனை அழுத்தினாலும் மூடிக்குள் இறங்காது. பிறகு மெஷின் வாயிலிருந்து கழிவாக விழும் பிளாஸ்டிக் கட்டி சப்பாத்தி மாவு பதத்துக்கு ஆறும்வரை காத்திருந்து, கத்தியின் வாலை அதில் செருகி, கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு இறுக்கிப் பிடித்தார். அவருடைய விரல்கள் பதிந்த இடமே பிடியாக ஆனது.

என்னிடம் கொண்டுவந்து காட்டினார். டிப்ளமோ படித்த மேதாவி நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நக்கோக்கா, வேணாம், இதெல்லாம் சமையல்கட்டு சாமான். போய் வேலையைப் பாரு.” எல்லோர் முன்னாலும் சொன்னேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

அக்கா திரும்பிப் போய் மேஜையில் உட்கார்ந்தார். அந்தக் கத்தியாலேயே வேலையைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாதம்மா தனக்கும் ஒன்று கேட்டார். அவருக்கு வலது கை, அதற்கேற்ற பிடி. அதிகாரி வருவதற்குள் மேஜையில் எல்லோரிடமும் ஒன்று இருந்தது. வெட்டுப்பட்ட மூடி விழுவதும் நின்றது, விரலில் துணி சுற்றுவதும் நின்றது. நான் கண்டும் காணாதவன் போல இருந்தேன்.

அதிகாரி வந்தார். மூடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்தி. மேஜையிலிருந்து அக்காவின் கத்தியை எடுத்து, ரொம்ப நன்றாக யோசித்திருக்கிறார்களே, யார் செய்தது என்று தெலுங்கில் கேட்டார். அக்கா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறந்து, நான்தான் சார் என்றேன். பயமா, பேராசையா என்று கேட்டால் இரண்டும் இல்லை. பிசிறு சீவ உட்கார வைத்த அக்காவுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை என்று ஒத்துக்கொள்ளக் கூச்சம். அவ்வளவுதான்.

எப்படிப் பிடிப்பது, காட்டுங்கள் என்று அவர் கத்தியை என்னிடம் நீட்டினார். நான் வலது கையால் வாங்கினேன். விரல் பள்ளம் ஒன்றும் என் விரலுக்கு வரவில்லை. கத்தி வழுக்கி மூடியில் ஒரு கோடு இழுத்தது. அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அக்கா எழுந்து வந்தார். தெலுங்கில்தான் சொன்னார், தமிழில் எழுதுகிறேன்: “எனக்கு இடது கை சார். அதனால என் கைக்கு அளவா பண்ணிக் குடுத்தான் தம்பி. அவனுக்கு அது எப்படிப் பிடிபடும்?”

அதிகாரி சிரித்தார். என் முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் கோடு இழுத்த மூடியை அக்கா எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

பிறகு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். கம்பெனி விழாவில் எனக்குச் சால்வை போட்டு ஷீல்டு கொடுத்தார்கள். என் கிரகப்பிரவேசத்தில் கேட்டிருப்பீர்கள், சுமதியின் கல்யாணப் பந்தியில் கேட்டிருப்பீர்கள், நான் அந்தக் கத்தியைக் கண்டுபிடித்த கதையை. எத்தனை கை ஆட்டம், எத்தனை சோடனை. அந்தப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா, நான் கதையை முடிக்கும்வரை ரச வாளியோடு நின்றார். அத்தனை வருடத்தில் ஒரு பார்வை, ஒரு குத்தல் பேச்சு கிடையாது. என் மனைவிக்குக்கூட இந்த மலரின் கையெழுத்துப் படியைப் படித்துத்தான் தெரியும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

கடைசி ஐந்து வாரம் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. தினமும் போய் உட்காருவேன். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாம் பேசுவேன். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “அக்கா, அந்தக் கத்தி விஷயம்...” என்று ஆரம்பித்தேன்.

“அதை விடுடா. பிசிறே வராத மாதிரி மொதல்ல அச்சைச் சரி பண்ணு. எத்தினி வருசமா சொல்றேன்” என்றார்.

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்கக் கிடைத்த வாய்ப்பு அது ஒன்றுதான். அதற்கு மறுவாரம் அக்கா போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவருக்கு ஒரு ‘அக்கா கத்தி’ வேண்டும் என்று யாதம்மா என்னிடம் கேட்டார். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன கத்தி என்றேன். முதலில் மழுப்பினார், நான் விடவில்லை. மேஜையில் ஆரம்பத்திலிருந்தே அதற்கு அந்தப் பெயர்தானாம். என் தலை தெரிந்தால் மட்டும் வெறும் கத்தி. ஏன் என்று கேட்டேன். யாதம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவன் காதுல விழுந்தா வெக்கப்படுவான், அவன் முன்னால சொல்லாதீங்கன்னு அக்கா சொல்லி வச்சாங்க சார்.”

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், டயாலிசிஸ் நாட்களில் ஹப்சிகுடாவிலிருந்து தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த சுமதியின் மாமியாருக்கும், ஆட்டோவை வாசலிலேயே நிறுத்திக் காத்திருந்த மாரெட்பள்ளி அக்கம்பக்கத்தாருக்கும், குடியாத்தத்திலிருந்து வந்திருந்து காரியத்தை நடத்திக் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிசிறு மேஜையில் அக்காவோடு உட்கார்ந்த பெண்களுக்குத் தனியாக நன்றி. உங்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது, யாராவது இதைப் படித்துச் சொல்லட்டும். அந்தக் கத்தியின் பெயரை இனிமேல் என் முன்னாலேயே சத்தமாகச் சொல்லுங்கள். நான் வெட்கப்படுகிறேன்.