எபனேசர் வாங்கிய படகு

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். தேனி பஜாரில் மீன் கடை நடத்தும் ஜெபஷீலாவுக்கு நடந்தது இது. இன்றைக்கும் அவள் வைகை அணைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

கடையை ஆரம்பித்தவர் அவள் கணவர் எபனேசர். அணைத் தண்ணீரில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவர்களிடம் நேரிலேயே போய் மீன் எடுக்கலாம் என்று, கம்பத்துத் தரகர் விஜய்ராஜ் மூலமாக ஒரு பழைய மோட்டார் படகு வாங்கினார். கேரளாவில், காயலில் ஓடிய படகு. எஞ்சின் அடிக்கடி மக்கர் பண்ணும். அவருக்கோ அதைப் பிரித்து மாட்டுவதில் தனி சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் சோற்றுப் பொட்டலத்தோடு படகில் ஏறிவிடுவார்கள். பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கு அவர், அவருக்கு அவள்.

தை மாதம் ஒரு சாயங்காலம் அவர் மட்டும் போனார். தண்ணீரிலிருந்து போன் வந்தது.

“வண்டி நின்னு போச்சு ஷீலா. சரி பண்ணிட்டு வாரேன்.”

“சீக்கிரம் வாங்க. குழம்பு ஆறிப் போகும்.”

அதுதான் கடைசிப் பேச்சு.

ராத்திரி முழுக்கப் பரிசல்காரர்கள் தேடினார்கள். விடிந்த பிறகுதான் படகு கண்ணில் பட்டது. எபனேசர் எஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்தார். ஸ்டார்ட்டர் கயிறு கையில் சுற்றியிருந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து போயிருந்தது. இழுத்து இழுத்து நெஞ்சு தாங்கவில்லை என்றார் டாக்டர்.

பங்குனியில் ஜெபஷீலா படகை விற்றுவிடத் துணிந்தாள். சுருளிவேல் என்ற பரிசல்காரர் வாங்கிக்கொள்ள வந்தார். ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

“நானும் வாரேன் தம்பி. அவுக கெடந்த எடத்தப் பாத்துட்டு வந்துருறேன்.”

வெயில் தாழ்ந்த நேரம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கரை சின்னதாகிக்கொண்டே போனது.

நடுத்தண்ணீரில் எஞ்சின் இருமியது. டுட்... டுட்... நின்றது.

சுருளிவேல் மூடியைத் திறந்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். நெருப்புப் பொறி நன்றாக வந்தது. டேங்க்கை ஆட்டிப் பார்த்தார். பெட்ரோல் நிறைய இருந்தது. டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில் ஒரு ரப்பர் குமிழ் உண்டு. அது உள்வாங்கிச் சப்பையாகிக் கிடந்தது.

“காத்து போகல அக்கா. அதான் எண்ணெ வரல.”

டேங்க் மூடியின் மேல் ஒரு சின்னத் திருகு. அதைத் தளர்த்தினால்தான் உள்ளே காற்று போகும், பெட்ரோல் வெளியே வரும். அந்தத் திருகு இறுக்கமாக மூடியிருந்தது. தளர்த்தினார்.

உஸ்ஸ்ஸ்... டேங்க் மூச்சு வாங்கியது.

“கெளம்புறப்ப நாந்தான் தொறந்தேன்...” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

எஞ்சின் ஓடியது. கொஞ்ச தூரம்தான். மறுபடி இருமல். மறுபடி அமைதி.

திருகு மூடியிருந்தது.

“ஆட்டத்துல லூசாகும் அக்கா. தானா இறுகாதே...”

இந்த முறை அவர் திருகை முழுசாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஓட்டையில் விரல் வைத்து அவளுக்குக் காட்டினார். கயிற்றை இழுத்தார். படகு கரையைப் பார்த்துத் திரும்பியது.

டுட்... டுட்...

நின்றது.

இரண்டு பேரும் டேங்க்கைப் பார்த்தார்கள்.

திருகு மூடியில் இருந்தது. இறுக்கமாக.

சுருளிவேல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலி. “சாமி... சாமி...” என்றார்.

ஜெபஷீலாவுக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. கரையில் படகைக் கட்டியதும் எபனேசர் முதல் வேலையாக அந்தத் திருகைத்தான் மூடுவார். பெட்ரோல் வாடை பட்டால் அவளுக்குத் தலைவலி வரும்.

அவள் டேங்க் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“ஏங்க... நான்தாங்க. எனக்கு ஒண்ணுமில்ல. தொறந்து விடுங்க. வீட்டுக்குப் போவோம்.”

சத்தமே இல்லை.

பிறகு... திருகு அசைந்தது.

மெதுவாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

உஸ்ஸ்ஸ்...

கரை சேர்ந்ததும் சுருளிவேல் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவள் படகை விற்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் கடையைச் சாத்திவிட்டு ஆண்டிபட்டி வழியாக பஸ் பிடித்து அணைக்குப் போனாள். கட்டிக் கிடக்கும் படகில் உட்கார்ந்து திருகைத் திறந்து வைப்பாள். அன்றைக்கு விற்ற மீன், வந்த சொந்தக்காரர்கள், சரியாக வராத குழம்பு என்று எல்லாவற்றையும் சொல்வாள். பேசி முடிக்கும்போது திருகு தானாக மூடிக்கொள்ளும். சில நாள் அதன் மேல் விரல் வைத்திருப்பாள். ஏதோ ஒரு குளிர்ச்சி விரலோடு சேர்ந்து அழுத்தும். இரண்டு மாதம் கழித்து அப்போதுதான் அவள் சாப்பிடத் தொடங்கினாள், தூங்கத் தொடங்கினாள். “என்னையும் கூப்பிட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

வைகாசியில் தரகர் விஜய்ராஜ் கடைக்கு வந்தார். வெளியூரில் இருந்ததால் துட்டிக்கு, துக்கம் கேட்க, வர முடியவில்லை என்று வருத்தப்பட்டார். தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“அந்த டேங்க்க அண்ணன் மாத்தவே இல்லியாம்மா?”

“ஏண்ணே?”

“விக்கும்போதே சொன்னேன். மூடித் திருகு தானா மூடிக்கிரும், முதல்ல அதத் தூக்கிப் போடுங்கன்னு. அண்ணன் சிரிச்சாக. அதுக்கு முன்னாடி அந்தப் படகு வச்சிருந்த கோட்டயத்துக்காரரும் இப்படித்தான் போனாரு. நடுக்காயல்ல. கயித்த இழுத்து இழுத்து... அவருக்கும் முன்னால ஒருத்தர் இருந்திருக்காரு. அவரும் அப்படித்தானாம்.”

ஜெபஷீலா வெட்டிக்கொண்டிருந்த மீனை அப்படியே விட்டாள். திருகின் மேல் வைத்துப் பழகிய தன் விரலைப் பார்த்தாள்.

பிறகு, சின்னப் பிள்ளை கேட்பது மாதிரிக் கேட்டாள்.

“அப்ப... அது அவுக இல்லியாண்ணே?”