ஓடாத வண்டிக்கும் வயதாகும்

ஒரு கால்சட்டையின் இடுப்பைப் பிரித்தால் எலாஸ்டிக்கை மட்டும் மாற்றிவிட்டு மூடும் பழக்கம் தையல்காரம்மாவுக்குக் கிடையாது. பிரித்த கையோடு ஜிப்பை இழுத்துப் பார்ப்பார். பாக்கெட்டின் அடித்தையலை விரலால் தடவிப் பார்ப்பார். "நாளைக்கு இதுக்குன்னு தனியா வருவீங்க. எதுக்கு இன்னொரு நடை?" என்பார். கிழிந்ததைத் தைப்பதைவிடக் கிழியப்போவதைத் தைப்பது அவருக்குப் பிடித்த வேலை.

காரையும் அப்படித்தான் வைத்திருந்தார். அவரும் கணவரும் அதை வாங்கும்போதே அதற்கு ஒன்பது வயது. கணவர் போய் மூன்று வருடமாகிறது. விற்றுவிடச் சொன்னவர்களிடம், "அது சாப்பிடுதா, தூங்குதா? ஓரமா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். கடையின் உள்சுவரில் ஆணி அடித்து, வெட்டி மிஞ்சிய துணியில் தைத்த நான்கு சின்னப் பைகளை மாட்டியிருந்தார். டயருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டுக்கு ஒன்று. வேலை முடித்துக் கொடுக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு பையில் கொஞ்சம் பணம் விழும். எது முதலில் தேயுமோ அந்தப் பை பருத்திருக்கும். பெல்ட் பைதான் இளைத்தது. "லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் அதைத் தொட வேண்டாம்" என்று கணவர் ஒருமுறை சொல்லியிருந்தார். மீட்டர் இன்னும் எண்பதாயிரத்தையே தாண்டவில்லை. கடைக்கும் நூல் கடைக்கும் போய்வரும் வண்டியில் கிலோமீட்டர் எங்கிருந்து ஏறும்?

அப்போதுதான் தங்கை போன் செய்தாள். மலைக்கு அந்தப் பக்கம் பாதிநாள் பயணத் தூரத்தில் அவள் தனியாக இருக்கிறாள். முழங்காலில் அறுவை சிகிச்சை. அதன் பிறகு இரண்டு மாதம் பக்கத்தில் ஆள் வேண்டுமாம். அவள் மகள் வேறொரு நகரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள், லிஃப்ட் கிடையாது.

"உங்கிட்டயே வந்து இருக்கட்டுமாக்கா?"

"கேக்கணுமாடி? நானே வந்து கூட்டிட்டு வரேன்."

போனை வைத்ததும் தையல்காரம்மா பின்னறையிலிருந்த துணி மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கடைக்கு இழுத்துவந்தார். மூன்று வருடமாக மூட்டைகள் மட்டும் படுத்திருந்த கட்டில் வெளியே தெரிந்தது. கார் சீட்டில் தங்கை காலுக்கு முட்டுக் கொடுக்க ஒரு திண்டு தைத்தார். சமைக்கும்போது கை தானாக இரண்டு பேருக்கு அளந்தது. மிச்சத்தை மறுநாள் அவரே சாப்பிட்டார்.

அடுத்த போன் தங்கை மகளிடமிருந்து. "பெரியம்மா, அந்த வண்டியிலயா அம்மாவக் கூட்டிட்டுப் போகப் போறீங்க?"

"அதுக்கென்ன?"

"அதுக்கு வயசு என்ன தெரியுமா?"

"எனக்கும் உங்கம்மாவுக்கும் அதைவிட ஜாஸ்தி. எங்களை மட்டும் நம்புவியாக்கும்."

"நீங்க மயங்கி விழுந்தா தண்ணி தெளிச்சு எழுப்பிரலாம். அது மலை நடுவுல நின்னா என்ன தெளிக்கிறது? மெக்கானிக்கிட்ட முழுசாக் காட்டுங்க. அவர் சரின்னா எனக்கும் சரி."

நியாயமான பேச்சு. தையல்காரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. பட்டறைக்குப் போகும் வழியில் பெட்ரோல் பங்க்கில் காற்று பார்க்க நிறுத்தினார்.

"எத்தனை பேர் போவீங்கம்மா?" என்றார் காற்றடிக்கும் பெரியவர். சுமைக்கு ஏற்றாற்போல் காற்று வைப்பது அவர் வழக்கம்.

"ரெண்டு பேர். மூட்டை முடிச்செல்லாம் இருக்கு. ஊர் விட்டு ஊர் வர்றவங்க, கொஞ்சமாவா இருக்கும்?"

பெரியவர் பின்சக்கரங்களில் கொஞ்சம் கூட்டி வைத்தார். 'ரெண்டு பேர்' என்று சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே தையல்காரம்மா வண்டியை எடுத்தார்.

மெக்கானிக் நாற்பது வயதுக்காரர். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். "வாங்கக்கா. வண்டியை ஷோகேஸ்ல வச்சிருந்து எடுத்துட்டு வந்தீங்களா?" என்றபடி பானெட்டைத் திறந்தார். டயர், பிரேக், பேட்டரி, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்ததும் பேச்சு நின்றது.

"அக்கா, இந்த பெல்ட்டை எப்ப மாத்தினது?"

"மாத்தலை. இன்னும் லட்சம் வரலையே தம்பி."

"லட்சம் வரும்போது வரட்டும். வருஷம் வந்திருச்சே! இது ரப்பர். ஓடினாலும் காயும், ஓடாட்டியும் காயும். பாருங்க, முதுகெல்லாம் வெடிப்பு. இது அறுந்தா எஞ்சின் உள்ளுக்குள்ளயே இடிச்சு நொறுங்கிரும். அப்புறம் எடைக்குத்தான் போடணும்."

தையல்காரம்மா குனிந்து பெல்ட்டின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்துப் பார்த்தார். வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அலமாரியிலயேதான் இருந்துச்சு, ஒருநாள்கூடப் போடலை, எப்படி லூசாச்சு?" என்று கால்சட்டையோடு வந்து நிற்பவர்களிடம், "போடாட்டியும் எலாஸ்டிக் செத்துப்போகும்" என்று முப்பது வருடமாகச் சொல்லிவருவது அவர்தான். அதே வாயால் கிலோமீட்டரை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"மாத்திருங்க தம்பி. பிரிச்ச கையோட உள்ள வேற என்ன மாத்தணும்?"

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி பம்ப். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற உருளை. கூலி ஒண்ணுதான், சாமான் விலை மட்டும் கூட."

"போடுங்க."

நான்கு பைகளும் ஆணியிலிருந்து இறங்கின. டயர் பை, பிரேக் பை எல்லாம் சேர்ந்துதான் பெல்ட் பையை நிரப்பின.

பழைய மாடல் என்பதால் சாமான் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்தது. புதன்கிழமை வரும் என்றார்கள், வரவில்லை. வெள்ளிக்கிழமை தங்கையை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவதாக இருந்தது. வியாழன் காலை தையல்காரம்மா தங்கை மகளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார்.

"வாடகை வண்டி பிடிச்சு வரட்டுமாம்மா?"

"வாடகை வண்டிதான்னா நானே அம்மாவ எங்கிட்டக் கூட்டிட்டு வந்துடறேன் பெரியம்மா. லீவும் கிடைச்சிருச்சு. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

மகள் கேட்கும்போது பெரியம்மா என்ன சொல்ல முடியும்? "அதுவும் சரிதான்" என்றார்.

சாமான் சனிக்கிழமை காலையில் வந்தது, மத்தியானத்துக்குள் வேலையும் முடிந்தது. அன்று சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். "நாற்காலியோட தூக்கி மூணு மாடி ஏத்தினாங்கக்கா, கோயில் தேர் மாதிரி. இனி நான் நடந்தாத்தான் இறங்க முடியும்." சிரித்துவிட்டுக் கேட்டாள்: "வண்டி சரியாயிடுச்சா?"

"ஆச்சு."

"நல்லா ஓடுதா?"

"தையல் மெஷின் மாதிரி ஓடுது."

 

மத்தியானம் சாவியைக் கொடுக்கும்போதே மெக்கானிக் சொல்லியிருந்தார்: "வாரத்துக்கு ஒரு தரமாவது எஞ்சின் நல்லா சூடாகிற வரைக்கும் ஓட்டுங்கக்கா. நிக்க வச்சாத்தான் செலவு."

"எங்க போறது தம்பி?"

"எங்கயாவது. போய்ட்டுத் திரும்பி வாங்க."

வெறும் பைகள் மறுபடி ஆணிக்கு ஏறின. ஏறுமுன் ஒவ்வொன்றின் வாயோரத்திலும், அந்தச் சாமானை மாற்ற வேண்டிய வருடத்தைச் சிவப்பு நூலால் தைத்தார் தையல்காரம்மா. கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டார். பின்னறைக் கட்டிலில் மூட்டைகள் திரும்பவும் ஏறிப் படுத்துக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தார். பெரிய சாலையில் கொஞ்ச தூரம் போய், ஒரு பாலத்தடியில் திரும்பினார். எஞ்சினில் ஒரு பிசிறு இல்லை. திரும்பும் வழியில் பங்க்கில் நிறுத்தினார்.

காற்றடிக்கும் பெரியவருக்கு நினைவிருந்தது. "அன்னிக்கு வச்ச மாதிரியே வைக்கட்டுமாம்மா? ரெண்டு பேர், மூட்டை?"

பக்கத்து சீட்டில் அந்தத் திண்டு, தைத்த மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இல்லைங்க. ஒரு ஆளுக்கு வைங்க."

பின்சக்கரங்களிலிருந்து கூடுதல் காற்று இரைந்து வெளியேறியது. வால்வு மூடிகளைப் பெரியவர் திருகித்தான் இருந்தார். ஆனாலும் தையல்காரம்மா இறங்கிச் சுற்றிவந்து, நான்கையும் இன்னொரு தரம் விரலால் திருகிப் பார்த்துவிட்டே வண்டியில் ஏறினார்.