கடப்பில் கட்டிய சிவப்புத் துண்டு

என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. மற்றக் காலத்தில் அது நல்ல குணம். யுத்தக் காலத்தில் அது ஒரு வியாதி. சென்றியில் மறித்துச் சோதிக்கிற ஆமிக்காரன் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்லுவார். பக்கத்தில் நிற்கிற நான் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பேன்.

களுவாஞ்சிக்குடியில் அவருக்குச் சைக்கிள் திருத்துகிற வேலை, எனக்குத் தையல். ஞாயிறு பின்னேரங்களில் தோணி ஏறி வாவியைக் கடந்து மேற்குப் பக்கத்துப் படுவான்கரைக்குப் போவோம். கூப்பிடுகிற வீட்டில் பைபிள் வாசிப்போம். வேண்டாம் என்கிற வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவோம்.

ஆசையாகக் கேட்ட வீட்டை மறுமுறை கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. அங்கே வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. பேர் எழுதிய தாளோடு பிடிபட்டால் உளவு என்று இக்கரையில் ஆமி அடிக்கும், அக்கரையில் ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கப் பொடியன்கள் சுடுவார்கள். அதனால் இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கோயில் திருவிழாவுக்கு நான் தைத்ததில் மிஞ்சிய சிவப்புத் துணியைக் கிழித்து, அந்த வீட்டு வேலி வாசலில், எங்கள் பக்கம் அதைக் கடப்பு என்போம், ஒரு சின்னத் துண்டு கட்டிவிடுவார். சன்னலில் சிவப்புக் கயிறு கட்டி வீட்டாரைக் காப்பாற்றிய ஒரு பெண்ணின் கதை பைபிளில் இருக்கிறது. அதில் இவருக்கு அப்படியொரு பிரியம். அந்தக் கதையிலும் உளவாளிகள் வருகிறார்கள் என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை.

ஒரு ஞாயிறு, கரையில் இறங்கும்போதே தோணிக்காரர் சொன்னார், நாங்கள் போகிற ஊரை ஆமி சுற்றி வளைத்து ஊர்ப் பொடியன்கள் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். திரும்புவோம் என்றேன். "வாறன் எண்டு சொன்ன வீடு இருக்கு" என்று இவர் நடந்தார்.

வீட்டு வேலிகளுக்கு நடுவே போகிற ஒழுங்கை முழுக்க ஆட்கள் நின்றார்கள். கூட்டத்திலிருந்து ஒரு மனிதர் முன்னால் வந்தார். அவர் கையில் எங்கள் சிவப்புத் துண்டு.

"பிடிபட்ட ரெண்டு பேரும் இது கட்டின வீட்டுப் பொடியனுகள். ஆரு கட்டினது?"

காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவனை இயக்கப் பொடியன்கள் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டவரே, இன்றைக்கு மட்டும் இந்த மனிதனை ஒரு பொய் சொல்ல விடும் என்று மன்றாடினேன். அப்படி ஒரு ஜெபத்தை யாராவது செய்திருப்பார்களா? அவர் முதுகில் கிள்ளியும் பார்த்தேன்.

"நான்தான் கட்டினன்" என்றார். பைபிளைத் திறந்து கதையைக் காட்டவும் தொடங்கிவிட்டார்.

"அப்ப காட்டிக் குடுத்தவன் நீதான்!" என்றார் துண்டோடு நின்றவர்.

அந்த நேரம் பிடிபட்ட ஒருவனின் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அம்மன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவள். எங்கள் வாசிப்பையும் விரும்பிக் கேட்கிறவள். அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எண்ட மகனத் துண்டு பாத்தா பிடிச்சவனுகள்? வயசப் பாத்துப் பிடிச்சவனுகள். காட்டிக் குடுக்கிறவன் நான்தான் கட்டினன் எண்டு சொல்லுவானா?"

"இயக்கப் பொடியனுகள் விசாரிக்க வாறானுகள்!" என்று ஒழுங்கை முனையில் யாரோ கத்தினார்கள்.

சிவப்புத் துணி கிடந்த என் பையை அவள் பிடுங்கினாள். மிச்சத் துணியைக் கிழித்துப் பக்கத்துக் கடப்பில் கட்டினாள், அடுத்ததிலும் கட்டினாள். "பறிகுடுத்தவள் நான் சொல்லுறன், கட்டுங்க!" என்று அதட்டினாள். துண்டோடு நின்ற அந்த மனிதரே கடைசியில் அதைத் தன் வீட்டுக் கடப்பில் கட்டினார். மோட்டார் சைக்கிள் வந்து நின்றபோது ஒழுங்கை நீளத்துக்கும் சிவப்பு.

தோளில் தொங்கிய துவக்கோடு இறங்கியவன் இவரைத்தான் பார்த்தான். "இதென்ன?"

இவர் வாயைத் திறந்தார். நான் செத்தேன்.

"அம்மன் கோயில் நேத்தி, தம்பி" என்றாள் அவள். "பொடியனுகள் திரும்பி வரோணும் எண்டு ஊரே கட்டினது. இவங்க பைபிள் வாசிக்க வந்தவங்க."

அவன் இவரையே பார்த்துக்கொண்டு நின்றான். இவர் திறந்த வாயை மூடினார், பைபிளையும் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தார். மோட்டார் சைக்கிள் போன பிறகும் அதை நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இவர் எங்கேயும் துண்டு கட்டவில்லை. அந்த ஊரிலும் எல்லோரும் அவிழ்த்துவிட்டார்கள், அவள் மட்டும் அவிழ்க்கவில்லை. பயத்தோடுதான் என்றாலும் நாங்கள் தொடர்ந்து போனோம். வெயிலில் துண்டு வெளுத்துப்போனால் வாசிப்பு முடிந்ததும் என்னிடம் கேட்பாள்.

"புள்ள, புதுத் துண்டு ஒண்டு தா. அவன் வந்தா வீடு தெரியோணும்."

வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் சாகும் வரைக்கும் கேட்டாள்.