அக்கவுண்ட் எங்கே பிறந்தது?

"கையில சில்லறை இருந்தா மேசை மேல வைங்க" என்பதுதான் அக்கா முதலில் சொல்வது. காசு வாங்குவதற்காக அல்ல. வீடியோ கேம் சந்தா அட்டையின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். அதைச் சுரண்டினால்தான் அடியில் உள்ள எழுத்துகள் தெரியும். வாங்கியவர் கை சும்மா இராது. அக்கா இரண்டு கேள்வி கேட்பதற்குள் ஒரு நாணயத்தை எடுத்துச் சுரண்டி முடித்துவிடுவார். சுரண்டிய அட்டையை எந்தக் கடையும் திரும்ப வாங்காது. அதனால் அக்கா முதலில் ஆயுதத்தைப் பறிமுதல் செய்வார். பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையின் கீழ் ஓரத்தில் எறும்பு ஊர்வது போல் இருக்கும் பொடி எழுத்தைக் கண்ணருகே பிடித்து வாசிப்பார். வாசித்துவிட்டு நிமிர்ந்து கேட்பார்.

"உங்க அக்கவுண்ட் எங்க பிறந்தது?"

சாவி வெட்டும் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் செருகி வைத்தாற்போல் இருக்கிறது அந்தக் கடை. பலகையில் 'மொபைல் ரிப்பேர்' என்றுதான் எழுதியிருக்கிறது. பின்னால், விளக்குப் போட்ட மேசையில் குனிந்தபடி இருப்பவர் அக்காவின் கணவர். தெருவில் அவருக்குத் 'திருப்புளி' என்று பெயர். கையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருப்பதால் மட்டுமல்ல, வாயைத் திறக்க வைப்பதற்கும் ஒன்று தேவைப்படும் என்பதால். முன் மேசை அக்காவுடையது. ஐம்பது வயது. பத்தொன்பது ஆண்டுகள் ஒரு மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டு எழுதியவர். பத்து விரலாலும் தட்டச்சு செய்வார்; விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டார், வந்தவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

நான் முதலில் போனது நோயாளியாகத்தான். என் சொந்த அக்காவின் மகளுடைய பிறந்தநாளுக்கு ஒரு விமான நிலையத்தில் கேம் சந்தா அட்டை வாங்கி வந்திருந்தேன். வீட்டுக்கு வந்து எழுத்துகளை உள்ளிட்டால், உங்கள் பகுதியில் இது செல்லாது என்று திரையில் வந்து நின்றது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அக்கா குதித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"யாரும் ஏமாத்தல. வேற நாட்டு பிளக் நம்ம வீட்டுச் சுவத்துல நுழையுமா? நீங்க இப்ப எங்க உக்காந்திருக்கீங்கன்னு அதுக்குக் கவலை இல்ல. அக்கவுண்ட் எந்த நாட்டுல திறந்ததோ, அட்டையும் அந்த நாட்டு அட்டையா இருக்கணும். இது சாதாரண சளி. பயப்படாதீங்க."

எல்லாமே அவருக்கு மருத்துவமனை மொழிதான். நாடு பொருந்தாவிட்டால் சளி. பல தடவை தப்பாக அடித்துக் கணக்கு பூட்டிக்கொண்டால் காய்ச்சல். கணக்கையே கேம் கம்பெனி முடக்கிவிட்டால், "இது அட்மிஷன் கேஸ்" என்று பெருமூச்சு விடுவார்.

இந்த வித்தையை அவர் விரும்பிக் கற்கவில்லை. மருத்துவமனையை விட்டு வந்த புதிதில், யாரோ மலிவாகத் தந்தார்கள் என்று திருப்புளி ஒரு பெட்டி அட்டைகளை வாங்கி விற்றுவிட்டார். அத்தனையும் வேறு நாட்டு அட்டைகள். ஒரே வாரத்தில் நாற்பது பேர் ஒரே பிழைச் செய்தியோடு வந்து நின்றார்கள். திருப்புளி பின்கதவு வழியாகச் சாப்பிடப் போனவர் சாயங்காலம்வரை சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அக்கா நாற்பது பேரையும் வரிசையாக உட்காரவைத்து, டோக்கன் கொடுத்து, ஒவ்வொருவராகக் கேட்டார். மூன்று நாள் தூக்கம் போனது. நாலாவது நாள் வழி தெரிந்துவிட்டது.

வழி இதுதான். அட்டை எந்த நாட்டுடையதோ அந்த நாட்டில் புதிதாக ஒரு கணக்குத் திறப்பது. சந்தாவை அதில் ஏற்றுவது. வீட்டில் டிவியோடு மாட்டியிருக்கும் கேம் பெட்டியை அந்தப் புதுக் கணக்கின் சொந்தப் பெட்டி என்று பதிந்துவிடுவது. அதன்பின் அதே பெட்டியில் பழைய கணக்கும் அந்தச் சந்தாவிலேயே ஆடலாம். சேர்த்துவைத்த ஆட்டம், நண்பர்கள், எதுவும் போகாது. "பெரியவர் டிக்கெட்டுல சின்னவரும் போற மாதிரி" என்பார். இருக்கும் இடத்தை மறைக்கிற தந்திரங்களோடு வரும் கெட்டிக்காரர்களை மட்டும் அவருக்குப் பிடிக்காது. "முகமூடி போட்டுக்கிட்டு உள்ள போனா இன்னைக்கு விடுவான். நாளைக்கு ஆளோட சேர்த்துத் தூக்கிடுவான்" என்று விரட்டிவிடுவார்.

கேள்விகள் மொத்தம் மூன்று. அக்கவுண்ட் எங்கே பிறந்தது, அட்டை எங்கே வாங்கியது, எத்தனை தடவை அடித்தீர்கள். முதல் இரண்டுக்கும் உண்மை வரும். மூன்றாவதற்கு யாரும் உண்மை சொல்லி நான் பார்த்ததில்லை. "ஒரு தடவைதான்" என்பார்கள். அக்கா அவர்கள் முகத்தையே பார்ப்பார். எண்ணிக்கை கண் முன்னே வளரும்.

இத்தனைக்கும் அவருக்கு விளையாடத் தெரியாது. ஒரே ஒரு முறை கார் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கார் நேராகச் சுவரில் போய் முட்டியது. சுவரைப் பார்த்து "மன்னிச்சுக்குங்க" என்றாராம். இதைத் திருப்புளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறை பேசினாலும் உருப்படியாகத்தான் பேசுகிறார்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பட்டியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்த நாட்டில் கணக்குத் திறந்தாலும் அந்த நாட்டு அஞ்சல் எண் ஒன்றைக் கேட்கும். வந்தவர்களெல்லாம் அங்கே இருக்கும் சொந்தக்காரர்களை எழுப்பித் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று, அக்காவே ஒரு தாளில் எழுதிச் செருகி வைத்திருக்கிறார். வண்ணப் பென்சிலால் வரைந்த குட்டிக் கொடி, பக்கத்தில் அஞ்சல் எண், அதற்குப் பக்கத்தில் அது யாருடையது என்ற குறிப்பு. 'தையல்காரர் மருமகன்.' 'பல் டாக்டர் தங்கை.' 'எல்லாரையும் கடன்காரன் என்று திட்டுவாரே, அவர் மச்சான்.' ஒவ்வொருவரிடமும் தானே பேசி அனுமதி வாங்கியிருக்கிறார். "நம்ம வெளிநாட்டுக் கிளைங்க" என்று பெருமையாகச் சொல்வார். ஓரக்கண்ணால் கொடியைப் பார்ப்பார், பத்து விரலும் ஓடும், ரெண்டு நிமிஷத்தில் கணக்கு தயார்.

என் அட்டை ஏறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சும்மா போக முடியாது என்பதால் ஏதாவது வாங்குவேன். என் ஒரு போனுக்கு இப்போது ஆறு உறைகள் இருக்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏழாவது உறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஓட்டுநர் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். வண்டியை எதிர் வரிசையில் நிறுத்திவிட்டு, சீருடைச் சட்டையோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். அவரிடம் அட்டை இல்லை. போனில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். அதில் பன்னிரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன, வேறு ஒரு சொல்லும் இல்லை.

"அக்கா, இது செல்லாத கோட்தானே? ஆமான்னு சொல்லுங்க, போதும். நான் போயிடுறேன்."

எல்லாரும் செல்லவைக்க வருவார்கள். செல்லாது என்று சான்றிதழ் கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

"உக்காருங்க தம்பி. யாரு அனுப்பினது?"

"எங்க அண்ணன்."

"அண்ணன் எங்க இருக்காரு?"

அந்த நாடு சலவைக் கடைக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பது போல் மோவாயால் காட்டிவிட்டுப் பெயரைச் சொன்னார். பதினோரு வருஷமாக அங்கேதான்.

"உங்க அக்கவுண்ட் எங்க பிறந்தது?"

"இங்கதான். அவன்தான் திறந்து குடுத்தான். வெளிநாட்டுக்குப் போறதுக்கு முதல் நாள்."

"எத்தனை தடவை அடிச்சீங்க?"

"ரெண்டு." அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். "ஏழு."

அதற்குமேல் அக்கா எதுவும் கேட்கவில்லை. ஓட்டுநர் தானாகவே சொன்னார். பதினோரு வருஷத்தில் முக்கால்வாசி சனிக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் கேமில் ஒரே அணியாகக் கால்பந்து ஆடியிருக்கிறார்கள், அவர் அங்கிருந்தும் இவர் இங்கிருந்தும். பிறகு அப்பா இறந்துபோனார். அண்ணனுக்கு விமானம் கிடைக்க ஒரு நாள் தாமதமாகும் என்று தகவல் வந்தது. தம்பி காத்திருக்கவில்லை. அண்ணன் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்றபடியே அவர் ஒரு வார்த்தை சொன்னார், இவர் ஒரு வார்த்தை சொன்னார். ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை. சந்தா முடிந்தபோது தம்பி புதுப்பிக்கவில்லை. யாரோடு ஆடுவதற்கு?

"ஒன்றரை வருஷம் கழிச்சு அனுப்புறான். எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கிடையாது. அதுவும் செல்லாத கோட். வேணும்னே பண்றான்க்கா." போனைத் திருப்பிக் காட்டினார். பிழைச் செய்தியைப் படமெடுத்து, அதன் கீழே பதில் எழுதி வைத்திருந்தார். *உன்னைப் போலத்தான் உன் கோடும், இங்கே செல்லாது. இனிமேல் எதுவும் அனுப்பாதே.* அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே கட்டைவிரல் நின்றது.

அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அதை முழுக்க வாசித்தார்.

"இன்னும் அனுப்பலையே?"

"நீங்க சொன்னதும் அனுப்பிடுவேன்."

"கோட் நல்ல கோட் தம்பி. அவர் இருக்கிற இடத்துல வாங்கினா அந்த நாட்டு கோட்தானே குடுப்பான்? வெளிநாட்டுல இருக்கிற அப்பா, மாமா, சித்தப்பா எல்லாரும் பண்ற தப்பு இது. வாரத்துக்கு நாலு பேர் வர்றாங்க. சாதாரண சளி."

ஓட்டுநர் நம்பவில்லை. "என் சந்தா முடிஞ்சது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் யாருக்கும் சொல்லலையே."

"அவர் பக்கத்துல உங்க பேரைத் தொட்டா, நீங்க கடைசியா எப்ப வந்தீங்கன்னு காட்டும். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருந்திருக்காரு."

ஓட்டுநர் போனைப் பார்த்தபடியே இருந்தார். திரை தானாக அணைந்தது. அவர் அதை மறுபடி எழுப்பவில்லை. "சரி, ஏத்திக் குடுங்க" என்றார். "அவன்கிட்ட நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. ஏறினா அவனுக்கே தெரிஞ்சிரும்."

அக்கா கணக்குத் திறக்கும் பக்கத்தைத் திறந்தார். நாட்டைத் தேர்ந்தெடுத்தார். பெயர், பிறந்த தேதி எல்லாம் வழக்கமான வேகத்தில் விழுந்தன. அடுத்தது அஞ்சல் எண். நான் உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்கு அடியில் அந்த நாட்டுக் கொடி நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் ஐந்து இலக்கம். பல் டாக்டர் தங்கை.

அக்காவின் இடது உள்ளங்கை மெதுவாக நகர்ந்து போய் அந்த வரிமேல் உட்கார்ந்தது.

"போஸ்டல் கோட் கேக்குது தம்பி. உங்க அண்ணன் வீட்டுது வேணும்."

"வேற ஏதாவது போட முடியாதா?"

"முடியாதே."

பின்னால் திருப்புளி தலை நிமிர்ந்தார். "அதான் பல் டாக்டர் தங்கச்சி..."

"நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார் அக்கா, திரும்பாமலே. வருஷத்துக்கு ஒரு முறை பேசுகிற மனுஷன், பாவம், அதை அன்றைக்கா செலவழிக்க வேண்டும். எனக்கும் ஏதோ வாய் வரை வந்தது. மேசைக்கடியில் அக்காவின் செருப்பு என் காலை மிதித்தது.

"மெசேஜ் போட்டுக் கேக்கட்டுமா?" என்றார் ஓட்டுநர்.

"நீங்க போட்டு, அவர் பார்த்து, எழுதி... இந்தப் பக்கம் அஞ்சு நிமிஷத்துல மூடிக்கும். போன் பண்ணிருங்க."

இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் தானாக மூடி நான் பார்த்ததில்லை.

ஓட்டுநர் எண்ணை எடுத்தார், வைத்தார், எடுத்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் அழுத்திவிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"நான்தான்."

ஓட்டுநர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "கோட் வந்துச்சு. ஏற மாட்டேங்குது. உன் வீட்டு போஸ்டல் கோட் வேணுமாம்" என்றார், அந்நியரிடம் வழி கேட்பது போல. மறுமுனையில் சொல்லச் சொல்ல ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொன்னார். பத்து விரலால் அடிக்கிற அக்கா, அன்றைக்கு வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தார்.

ஐந்தாவது இலக்கத்தோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். ஓட்டுநர் போனை வைக்கவில்லை. "இன்னும் அதே வீட்டுலதான் இருக்கியா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே எழுந்து கதவைத் தள்ளி வெளியே போய், சலவைக் கடைச் சுவரோரமாக எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கதவு மூடிக்கொள்வதற்குள் ஒரு வரி உள்ளே வந்துவிட்டது.

"ஒரு நாள் நான் காத்திருந்திருக்கணும்ணா."

ஒரு போன் உறையை எடுத்து விலையைப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா ஒற்றை விரலாலேயே மீதியையும் முடித்தார். புதுக் கணக்கு திறந்தது. பன்னிரண்டு எழுத்துகளையும் அடித்தார். பச்சை நிறத்தில் ஓர் அடையாளம் வந்தது. ஒரு வருஷச் சந்தா ஏறிவிட்டது. ஓட்டுநரைக் கூப்பிட நான் எழுந்தேன். அக்கா வேண்டாம் என்று தலையை அசைத்தார். உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஓட்டுநர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பி, கண்ணாடிக் கதவு வழியாக எங்களைப் பார்த்தார். ஏறிவிட்டதா என்று புருவத்தை உயர்த்தினார். திரையை அவர் பார்க்க முடியாதபடி அக்கா லேசாகத் திருப்பிவிட்டு, வலது கையைத் தூக்கி, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று காட்டினார். இடது கை கொடியின் மேலேயே இருந்தது.